இன்னும் எத்தனை வாட்டி?

தம்பி நான்காம் படிவத்தில் இருந்தபோது பள்ளியில் ஒரு கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார்கள். மனநலப் பரிசோதனை. "அண்ணே, அதுல எனக்கு மார்க் கூடிப்போச்சாம்" என்று போனில் சிரித்தான். அதற்கு முன்பே பந்து விளையாடுவதை நிறுத்தியிருந்தான். பகலெல்லாம் தூக்கம். அம்மா கேமரன் மலைக் குளிரைக் குறை சொன்னார்.

பள்ளி ஆலோசகர் இரண்டு முறை பேசினார். பிறகு, கீழே ஈப்போவில் டாக்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டார். எங்கள் வீடு பிரிஞ்சாங்கைத் தாண்டி ஒரு தேயிலைத் தோட்டத்து லயம். கொழுந்து வெட்டும் மெஷினை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் போக வேண்டும். அப்பா ஒருநாள் வராவிட்டால் மறுபக்கம் பிடிக்கிறவருக்கும் தொல்லை. அதனால் அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எத்தனை வாட்டிடா போகணும்?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. நான் பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அதிர்வைப் பார்த்து எந்த பேரிங் எப்போது போகும் என்று முன்கூட்டியே சொல்வதுதான் என் பிழைப்பு. இதையும் யாராவது கணக்குப் போட்டிருப்பார்கள் என்று தேடினேன்.

போட்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் 439 பதின்ம வயதினரை வைத்து ஓர் ஆய்வு. 2004இல் வந்த முடிவில், மருந்தும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்து கிடைத்தவர்களில் 71 விழுக்காட்டினர் பன்னிரண்டு வாரத்தில் தேறினார்கள். சரி, எல்லோருக்கும் இரண்டையும் கொடுத்துவிடலாமே? யாருக்கு எது உதவியது என்று 2006இல் பிரித்துப் பார்த்தபோது, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு மருந்தோடு பேச்சைச் சேர்த்ததில் கூடுதல் பலன் தெரியவில்லை. லேசான, மிதமான நிலையில் தெரிந்தது. நான் தலைகீழாக நினைத்திருந்தேன். இன்னொன்று: வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குப் பேச்சு சிகிச்சை மட்டுமே, இரண்டையும் சேர்த்துக் கொடுத்ததற்கு ஈடாக இருந்தது. அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். குடும்ப வருமானமும் மருந்துச் சீட்டில் ஏறிவிடுகிறது.

2017இல் இங்கிலாந்தில் 465 பேரை வைத்து வந்த ஆய்வு எனக்குக் கொஞ்சம் ஆறுதல். 28 அமர்வுகளுக்குத் திட்டமிட்ட ஆழமான சிகிச்சையும், 12 அமர்வுகள் கொண்ட எளிய ஆலோசனையும் முடிவில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. சராசரியில்தான். என் தம்பி சராசரியா?

பேரிங் என்றால் ஒரே மாதிரி ஆயிரம் இருக்கும், ஓடவிட்டுப் பார்க்கலாம். பிள்ளைகளை அப்படிப் பார்க்க முடியாது. ஓர் ஆய்வில் கிடைத்த அடையாளம் அடுத்ததில் நிற்பதும் இல்லை. அதனால்தான் பல இடங்களில் லேசாகத் தொடங்கி, சில வாரத்தில் மறுபடி அளந்து, தேறாவிட்டால் சிகிச்சையைக் கூட்டுகிறார்கள். எங்களுக்கு விட்டுப்போனது அந்த 'மறுபடி'தான். இரண்டாவது பேச்சுக்குப் பிறகு ஆறு மாதம் யாரும் கேட்கவில்லை. நானும்தான். 2022 தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பதின்ம வயதினரில் நால்வரில் ஒருவருக்கு மனச்சோர்வு. அந்த எண்ணிக்கையை நான் படித்த வாரம்தான் தம்பி பள்ளிக்குப் போவதை அடியோடு நிறுத்தினான்.

பிறகு மாதம் இருமுறை லீவு போட்டு நானே அழைத்துப் போனேன். சிம்பாங் பூலாய் வளைவுகளில் அவனுக்கு வாந்தி வரும். ஐந்தாவது தடவை ஜன்னலைத் திறந்துவிட்டு, "அண்ணே, பசிக்குது" என்றான்.

போன ஞாயிறு கிளம்பும்போது அப்பா வாசலில் நின்றார்.

"இன்னும் எத்தனை வாட்டி?"

"தெரியலப்பா."

"சரி, காடிய எடு. நானும் வரேன்."