கண்டிச் சிம்மாசனமும் கீழைக்கரையும்

திருக்கோணமலைக்கு வடக்கே, புல்மோட்டைக்குச் செல்லும் பாதையை ஒட்டிய குச்சவெளிக் கடலோரப் பாறையிலே, கட்டங்களுக்குள் செதுக்கிய சிறு தூபிகளுக்கு அருகில், பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில் வடமொழிச் சாசனமொன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்ட அச்சாசனத்தைச் செய்தவர், தாம் ஈட்டிய புண்ணியத்தின் பலனாகப் பிறவிதோறும் உலகத்தின் துயர் தீர்க்கும் வல்லமையை வேண்டினார். அரசர்களுக்கு அந்நியர் அளித்த உபசாரங்களோ வேறு வகையானவை.

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள கண்டிச் சிம்மாசனம் அத்தகையது. மரத்தின்மேல் பொற்றகடு போர்த்தி, கைப்பிடிகளில் சிங்கங்களையும் சாய்மானத்தில் சூரியனையும் அமைத்து, ஐரோப்பியப் பாங்கில் செய்யப்பட்ட அப்பீடத்தை, ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் ரீ 1693இல் கண்டி மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அளித்தார். மன்னனுடைய காட்டில் கறுவா உரிக்க அனுமதி வேண்டி ஆண்டுதோறும் கண்டிக்கு வந்த ஒல்லாந்தத் தூதர்கள், தம்மவர் கொடுத்த ஆசனத்தின் முன்பே மண்டியிட்டனர். ஆயினும் துறைமுகங்கள் அவர்கள் கையிலேயே இருந்தன. சீயத்திலிருந்து பிக்குகளை வரவழைக்க விரும்பிய பிற்கால மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனும் ஒல்லாந்தரின் கப்பலையே நம்பவேண்டியிருந்தது; 1753இல் அப்பிக்குகள் வந்திறங்கியது நமது திருக்கோணமலையில்தான். பின்னர் கண்டிக்கும் ஒல்லாந்தருக்கும் இடையே மூண்ட போரின் முடிவில், 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால், தீவைச் சுற்றிய கரையோர நிலம் முழுவதும் ஒல்லாந்தருக்கு உரியதாயிற்று. குச்சவெளியும் அதில் அடக்கம். மன்னனுக்குச் சிம்மாசனம் எஞ்சியது. கால் நனைக்கச் சொந்தக் கடற்கரை இல்லை.

1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானபோது அச்சிம்மாசனமும் போயிற்று. அவர்கள் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று விண்ட்சர் கோட்டையில் வைத்தனர். அதில் கடைசியாக அமர்ந்த ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன், தமிழறிந்த நாயக்கர் குலத்தவன், வேலூருக்கு நாடுகடத்தப்பட்டு 1832இல் அங்கேயே காலமானான். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சார்பில் குளொஸ்டர் கோமகன் 1934இல் அதைத் திருப்பி அளித்தபோது, அதில் அமர அரசனில்லை.

அருங்காட்சியகத்தார்க்கு எனது விண்ணப்பம் ஒன்றுண்டு: அந்த ஆசனத்தின் அருகே, 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பிரதியொன்றையும், அதனால் கண்டி அரசு இழந்த கரையைக் காட்டும் படமொன்றையும் வைத்தல் வேண்டும்; அப்படத்தில் திருக்கோணமலையும் கொட்டியாரமும் மட்டுமன்றி, குச்சவெளி போன்ற சிற்றூர்களும் பெயரோடு குறிக்கப்படுதல் வேண்டும்.