கப்பல் இல்லாத தொட்டி

நாலு நாளாக என் கணினி ஒரு கப்பலை ஓட்டிக்கொண்டிருக்கிறது. கேசிஎஸ் என்று பெயர். 230 மீட்டர் நீளமுள்ள சரக்குப் பெட்டகக் கப்பல். ஆனால் அப்படி ஒரு கப்பலை யாரும் கட்டவே இல்லை! ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள வைத்திருக்கும் பொது வடிவம் அது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு எண்: எதிரலையில் போகும்போது தண்ணீர் அதை எவ்வளவு பின்னுக்கு இழுக்கிறது?

இந்த வகை வேலைக்கு வழிகாட்டியவர் வில்லியம் ஃப்ரூட். 1872-ல் இங்கிலாந்தின் டார்க்கீயில் தொட்டி கட்டி, சின்ன மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்தார். அவர் விதிப்படி நீளம் 100 மடங்கு குறைந்தால் வேகம் 10 மடங்கு குறையவேண்டும். அப்போதுதான் அலைகள் ஒத்துப்போகும். உராய்வு ஒத்துப்போகாது, அதைத் தனியாகக் கணக்கிட்டுச் சேர்த்தார்.

இப்போது தொட்டி கணினிக்குள். தண்ணீரையும் காற்றையும் லட்சக்கணக்கான கட்டங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளைத் தீர்க்கிறோம்.

விசை ஒவ்வொரு அலைக்கும் ஏறி இறங்கும். பல அலைகளுக்குச் சராசரி எடுத்து, அமைதியான நீரில் வரும் இழுவையைக் கழித்தால் மிச்சம்தான் அலையின் பங்கு. பெரிய ஏற்ற இறக்கத்துக்குள் ஒளிந்திருக்கும் சின்ன எண். அது கிட்டத்தட்ட அலை உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது.

இங்கேதான் வம்பு. கட்டங்கள் பெரிதாக இருந்தால், கப்பலை வந்து சேர்வதற்குள் அலை தேய்ந்துவிடும். கணினி ஒரு எச்சரிக்கையும் தராது. உயரம் 10 சதவீதம் தேய்ந்தால் அலையின் பங்கு 19 சதவீதம் குறையும். 'அடடா, என்ன அருமையான கப்பல்!' என்று வரைபடம் சொல்லும்.

அதனால் முதலில் கப்பலைத் தூக்கிவிட்டு, வெறும் தொட்டியில் அலையை மட்டும் ஓடவிட்டேன். "கப்பல் எங்கடா?" என்று அறை நண்பன் சிரித்தான். கப்பலின் முனை வரவேண்டிய இடத்தில் உயரத்தை அளந்து, தேய்மானம் 1 சதவீதத்துக்குள் வரும்வரை கட்டங்களைச் சிறிதாக்கினேன். கணினி நேரம் எகிறியது. என்ன செய்ய?

2013-ல் கப்பல்களுக்கான ஆற்றல் திறன் விதிகள் நடைமுறைக்கு வந்தன. சின்ன எஞ்சின் போட்டே விதியைச் சமாளித்துவிடுவார்களோ என்ற கவலையில், மோசமான கடலில் தேவைப்படும் குறைந்தபட்ச எஞ்சின் வலுவுக்கும் அதே ஆண்டு வழிகாட்டுதல் வந்தது. இழுவையைக் குறைத்துச் சொன்னால், புயலில் அலையை எதிர்த்து முகம் திருப்ப முடியாத கப்பல் கிடைக்கும். அதில் இருபது பேராவது இருப்பார்கள்.

என் ப்ராஜெக்ட் அறிக்கையில் வெறும் தொட்டியின் வரைபடம்தான் முதலில் வரும். கப்பல் அடுத்த பக்கத்தில்.