எலும்புத் தூள் எதிலிருந்து வருகின்றது?



'ளாத்' என்னும் எழுத்தை, நாவின் பக்கவாட்டை மேல் கடைவாய்ப் பற்களோடு சேர்த்து மொழிய வேண்டுமென மாணவர்களுக்குக் கற்பிக்கின்றோம். சூரத்துல் ஃபாத்திஹாவின் இறுதி வசனத்தில் மட்டும் அது இருமுறை வருகின்றது. அப்பற்களை இழந்தபின் அதை ஓதிக் கொடுப்பது எத்துணைச் சிரமம் என்பதை உஸ்தாதுமார் அறிவர்.

தாம்பரத்தில் எம்மைப் பரிசோதித்த பல் மருத்துவர், இம்ப்ளாண்ட் எனும் டைட்டானிய வேரைப் பொருத்தலாம், ஆனால் அதைத் தாங்க எலும்பு போதாது என்றார். பல் போன இடத்தில் எலும்பு கரைகின்றது. முதல் ஓராண்டிலேயே அகலத்தில் ஏறத்தாழப் பாதி குறையக்கூடும். மேல் தாடையிலோ, அதற்கு மேலுள்ள சைனஸ் காற்றறையும் கீழிறங்கி விடுகின்றது. முன்பு ஈறைத் திறந்து, எலும்பின் பக்கவாட்டில் சன்னல்போல் வெட்டுவர். 1994-இல் சம்மர்ஸ் என்னும் மருத்துவர் வெளியிட்ட முறையில், இம்ப்ளாண்டுக்கான சிறு துளை வழியாகவே காற்றறையின் சவ்வை மெல்ல உயர்த்தி, அவ்விடைவெளியில் எலும்புத் தூளை இடுகின்றனர். வீக்கமும் வலியும் குறைவு. எலும்பு மிகவும் தேய்ந்தவர்களுக்குப் பழைய முறையே இன்றும் தேவைப்படுகின்றது.

அத்தூள் எதிலிருந்து எடுக்கப்பட்டது? செலவைக் கேட்கும் நம்மவர் இதைக் கேட்பதில்லை. பெயர்பெற்ற பயோ-ஆஸ் தூள் மாட்டெலும்பு. அதே சுவிஸ் நிறுவனத்தின் பயோ-கைடு சவ்வு பன்றியின் கொலாஜன். கால்சியம் பாஸ்பேட்டால் ஆன செயற்கைத் தூளும் கிடைக்கின்றது.

இழந்த உறுப்புக்கு மாற்று வைப்பதில் தடையில்லை. போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வைத்த வெள்ளி மூக்கு நாற்றமெடுத்தபோது, பொன்னால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. பொருளில்தான் பேச்சு. ஹிஜ்ரி 676-இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) தம் 'மின்ஹாஜ்' நூலில் இதையே எடுத்துரைக்கின்றார்: சுத்தமானது கிடைக்காமல் நஜீஸான எலும்பை இணைத்துக்கொண்டவர் மன்னிக்கப்படுவார், கிடைத்தும் அவ்வாறு செய்தவர், வெளிப்படையான தீங்குக்கு அஞ்சாவிடில் அதை அகற்றவேண்டும். முறைப்படி அறுக்கப்படாத மாட்டின் எலும்பு ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸ்; ஹனஃபியில், பன்றி நீங்கலாக, உலர்ந்த எலும்பு சுத்தமானதே. எம் பள்ளியில் இரு மத்ஹபினரும் ஒரே ஸஃப்பில் நிற்கின்றோம். ஆகவே ஒருவருக்குச் சொன்ன விடையை மற்றவர் அப்படியே எடுத்துக்கொள்ள இயலாது. செயற்கைத் தூள் எளிதில் கிடைக்கும் இந்நகரில், 'வேறு வழியில்லை' என்று ஷாஃபிஈகளான நாம் சொல்வது பொருந்தாது என்பதே எம் கருத்து.

மருத்துவரிடம் கேட்டோம். அவர் முகம் சுளிக்காமல் பெட்டியை எடுத்துவந்து, அதன்மேல் அச்சிட்டிருந்ததைப் படித்துக் காட்டினார். மாட்டெலும்புதான். செயற்கைத் தூளைத் தருவிக்க ஒரு வார அவகாசம் கேட்டிருக்கின்றார்.