நோமலோ, சீசரோ?

பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போறவை கேட்கிற முதல் கேள்விகளில் ஒன்று: "நோமலோ, சீசரோ?" சீசர் என்றால் குரல் கொஞ்சம் இறங்கும். "நாங்கள் எல்லாரும் வீட்டில வச்சுத்தான் பெத்தனாங்கள்" என்று யாராவது தொடங்குவார்கள். நோவு தாங்கமாட்டாதவள் என்ற தீர்ப்பை வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை, அந்த இளம் தாய்க்கு விளங்கிவிடும். அதனாலேயே எங்கட அக்காமார் பலர் அந்தக் கதையையே எடுக்கிறதில்லை.

அடுத்த கர்ப்பத்தில் இதே கேள்வியை வைத்தியர் கேட்பதற்குக் காரணம் வேறு. நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள், விஞ்ஞானத்தை ஓ.எல்லோட விட்டவை. ஆனாலும் இதை விளங்கிக்கொள்வது அவ்வளவு கஷ்டமில்லை.

அல்பா-பீற்றோபுரதம் என்று ஒன்று இருக்கிறது. வயிற்றுப் பிள்ளையின் ஈரலில் பெரும்பாலும் உருவாகும் இது, கொஞ்சம் தாயின் இரத்தத்துக்கும் வரும். 15 முதல் 20 வாரங்களுக்குள் அளப்பார்கள். கூடுதலாக இருந்தால் முதலில் பிள்ளையின் முள்ளந்தண்டில் குறை உண்டா என்று தேடுவார்கள். இரட்டைப் பிள்ளைகள் என்றாலும், வாரக்கணக்கு பிழைத்தாலும் எண் கூடும். இவை ஒன்றுமில்லை, முன்பு சீசரும் நடந்திருக்கிறது என்றால், சூல்வித்தகத்தை, அதாவது ஊரில் சொல்லும் நச்சுக்கொடியை, கவனமாகப் பார்க்க வேண்டும்.

சீசர் வெட்டு ஆறினாலும் கருப்பைச் சுவரில் தழும்பு இருக்கும். அடுத்த முறை சூல்வித்தகம் அந்தத் தழும்பில் ஒட்டினால் அளவுக்கு மிஞ்சி ஆழமாகப் பிடித்துவிடலாம். பிள்ளை பிறந்த பிறகும் அது கழன்று வராது. இரத்தப்பெருக்கு தாயின் உயிரையே எடுக்கலாம். இப்படியான தாய்மாரில் அல்பா-பீற்றோபுரதம் சராசரியாகக் கூடியிருந்ததைச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் எண் கூடிய எல்லோருக்கும் இது வருவதில்லை. எண் சரியாக இருந்தும் வரலாம்.

அதனால்தான் எத்தனை சீசர் என்பது முக்கியம். 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, சூல்வித்தகம் கருப்பை வாயை மறைத்திருந்த பெண்களைப் பார்த்தது. முதல் சீசரின்போது 3 சதவீதமானோருக்கு அது ஆழமாகப் பிடித்திருந்தது. இரண்டாவது சீசரில் அது 11, மூன்றாவதில் 40.

எங்கட கிளினிக்குகளில் இந்தப் புரதத்தை வழமையாக அளப்பதில்லை. ஹீமோகுளோபின், இரத்த வகை, சீனி போன்றவைதான் பார்ப்பார்கள். ஆகவே எங்களிடம் இருப்பது ஸ்கேனும், தாய் சொல்லும் பழைய கதையும்தான். வீட்டில் வெட்கப்பட வைத்த கதையைக் கிளினிக்கில் மட்டும் வாய் திறந்து சொல்லு என்றால் எப்படி வரும்?

அக்காவோட கிளினிக்குக்குப் போனால், எத்தனை சீசர், எந்த வருஷம் எண்டு சொல்லுங்கோ. ஸ்கேனில சூல்வித்தகம் தழும்புக்கு மேலயோ எண்டு கேளுங்கோ. நேரத்தோட தெரிந்தால், இரத்தமும் சத்திரசிகிச்சை வசதியும் உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைப்பேற்றுக்கு ஆயத்தம் செய்யலாம்.