மேட்டு லயத்துக் கடுதாசிகள்

வெள்ளைக்காரப் பாதிரிமார் கப்பலேறி வந்து நமக்கு வேதம் சொன்ன கதை எல்லாருக்கும் தெரியும். நம் ஆட்கள் கப்பலேறிப் போய்ச் சொன்ன கதையை யாரும் கேட்பதில்லை. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்காக 1854இல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பெயரே அதுதான். தோட்டத்துரைமார் சந்தா கொடுத்தார்கள், சி.எம்.எஸ். மிஷன் சங்கத்துப் பாதிரிமார் மேற்பார்த்தார்கள். மலையேறி, கூலியாட்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் லயம் லயமாக நடந்தவர்களோ திருநெல்வேலி உபதேசிமார். காப்பி நோய் கண்டு அழிந்து தேயிலை வந்த பிறகும் அந்தத் தடம் மூடவில்லை. 1950களின் தொடக்கத்தில் என் அப்பா அதே தடத்தில் போனார். அவருக்கு மெஞ்ஞானபுரத்துக்குப் பக்கத்தில் தேரிக்காட்டு ஊர். செம்மணலையும் பனையையும் மட்டுமே பார்த்து வளர்ந்த மனிதர். பண்டாரவளையில் கோச்சியை விட்டு இறங்கியதும் மலைமேல் பனிமூட்டத்தைப் பார்த்துவிட்டு, எங்கேயோ தீப்பிடித்திருக்கிறது என்று பதறினாராம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் அப்பா மறுப்பார்.

நான் பிறந்தது அங்கேதான். ஹப்புத்தளைக்குப் போகிற வழியில் ஒரு தோட்டம். கோயிலும் வீடும் ஒரே தகரக் கூரையின் கீழ் இருந்தன; நடுவில் ஒரு பலகைத் தட்டி. மழை வலுத்தால் அப்பாவின் பிரசங்கம் முதல் வரிசைக்கே கேட்காது. வேதபுத்தகத்தை மூடிவிட்டுக் கீர்த்தனையைத் தொடங்கிவிடுவார். ஐப்பசியில் பிடித்த மழை தை வரை விடாத ஊர் அது. அதனால் எங்கள் சபையார் பிரசங்கத்தில் எப்படியோ, பாட்டில் தேர்ந்தவர்கள்.

விடியுமுன்னே, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும். அதற்கும் முன்னால் எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் முடிந்திருக்க வேண்டும். அரிக்கேன் விளக்கைச் சுற்றிப் பாயில் உட்கார்ந்திருப்போம். அப்பா ஒவ்வொரு லயமாக, ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபிப்பார். சபையைச் சேர்ந்தவர்கள் ஒரு பத்துக் குடும்பம் இருந்தால் அதிகம். அவர் சொல்லும் பெயர்களில் மாரியாயியும் கருப்பையாவும் முனியாண்டியும்தான் மிகுதி. பட்டியல் நீண்டுகொண்டே போகும்போது அம்மா லேசாக இருமுவாள். இரண்டாவது இருமலில் அப்பா ஆமென் சொல்லிவிடுவார்.

ஊரில் ஆராதனை என்றால் ஞாயிற்றுக்கிழமை காலை. தோட்டத்தில் கொழுந்து மிஞ்சிவிட்டால் ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. ஆகவே ஆராதனை கொழுந்து நிறுத்து முடிந்த பிறகுதான். பெண்கள் கூடைக்கயிறு அழுத்திய நெற்றியோடு அப்படியே வந்து உட்காருவார்கள். விரல் நுனிகளில் கொழுந்துச் சாறு கறுத்திருக்கும். கண் சொக்கித் தூங்கிப் போனவர்களை அப்பா எழுப்பியதில்லை. வாராவாரம் வருகிறவர்களிடம் அதற்கு மேல் கேட்க அவருக்கு மனம் வராது.

மற்ற தோட்டங்களுக்குக் குறுக்குப் பாதையில் நடந்துதான் போவார். வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, அதன்மேல் கொழுந்து எடுக்கிறவர்கள் போர்த்துகிற மாதிரி ஒரு கம்பளி, கையில் குடை. திரும்பி வந்ததும் வாசல் படியில் உட்கார்ந்து காலை நீட்டுவார். அட்டை எடுப்பது என் வேலை. ஈர்க்குச்சியில் சுண்ணாம்பைத் தொட்டு வைத்தால் சுருண்டு விழும். விரலிடுக்கில் ஒளிந்திருப்பதைத் தேடிப் பிடிப்பதில் எனக்குத் தனிக் கெட்டிக்காரத்தனம் இருந்தது. வேட்டியில் விழுந்த ரத்தக் கறை மட்டும் போகாது. துவைக்கிற கல்லில் அம்மா முணுமுணுப்பது உள்ளே வரை கேட்கும்.

அம்மாவுக்குப் பெரிய குறை கருப்பட்டி. அங்கே கிடைத்தது கித்துள் கருப்பட்டி. எங்களுக்கெல்லாம் அது அமிர்தம். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, “இதெல்லாம் ஒரு கருப்பட்டியா?” என்பாள். ஊருக்குப் போய் வருகிற யாராவது உடன்குடிப் பனங்கருப்பட்டி கொண்டுவந்தால் அதை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைப்பாள். கோதுமை மா ரொட்டிக்கும் கட்டச் சம்பலுக்கும் அவள் பழகியதே கடைசிக் காலத்தில்தான். கர்த்தருடைய ஊழியம் என்று வந்துவிட்ட பிறகு நாக்கை எங்கே கொண்டுபோய் வைப்பது!

அப்பாவை லயத்து ஆட்கள் முதலில் துரை ஆளாகத்தான் பார்த்தார்கள். துரை காசில் வேதம் வந்த காலத்துச் சந்தேகம் அது. அதைத் தீர்த்து வைத்தது கடுதாசிதான். சம்பளம் போட்ட மறுநாள் சாயங்காலம் எங்கள் வாசலில் வரிசை நிற்கும். புதுக்கோட்டைப் பக்கம், திருச்சிப் பக்கம், சேலத்துப் பக்கம் இருக்கிற அண்ணனுக்கு, பெரியப்பன் மகனுக்கு, பார்த்தே இராத அத்தைக்குக் கடுதாசி எழுத வேண்டும். அப்பா மடியில் பலகையை வைத்துக்கொண்டு மைப்பேனாவால் எழுதுவார். அவர்கள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுவார், திருத்த மாட்டார்.

மேட்டு லயத்துப் பாட்டி முதன்முதலாக வந்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். அப்பா பேனாவைத் திறந்ததுமே சொன்னாள்:

“ஐயா, மேல பிள்ளையார் சுழி போட்டுட்டு எழுதுங்க. இல்லாட்டி கடுதாசி போய்ச் சேராதுங்க.”

அப்பாவின் கை நின்றுவிட்டது. தட்டிக்குப் பின்னால் அம்மாவின் பாத்திரச் சத்தமும் நின்றது. பாட்டி ஒன்றும் கவனிக்காமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள். அப்பா ‘உ’ போட்டார். அழகாக, கீழே இரண்டு கோடும் இழுத்தே போட்டார். ராத்திரி அம்மா விடவில்லை. “உபதேசியார் கையால பிள்ளையார் சுழியா?” என்றாள். “கடுதாசி அவளோடது. கை மட்டுந்தான் என்னோடது” என்றார் அப்பா. கையை நம்பி ஈசாக்கு ஏமாந்துபோன கதையை அம்மா எடுத்துப் போட, அப்பா சிரித்துவிட்டார். அதன் பிறகு எத்தனையோ கடுதாசிகளுக்குச் சுழி போட்டார். மேலிடத்திலிருந்து பார்வையிட வந்த ஒரு குருவானவர் காதுக்கும் அது எட்டியது. இந்த வருஷம் ஞானஸ்நானம் எத்தனை என்று கேட்டார். அப்பா சொன்ன கணக்கு அவருக்குப் போதவில்லை. சாயத் தண்ணியைக்கூட முழுதாகக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

கடுதாசிக்கு அடுத்தபடி படிவங்கள். 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம் தோட்டத்து ஆட்களை நாடற்றவர்களாக்கியிருந்தது. தகப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்று கொண்டுவா என்றால் லயத்தில் பிறந்தவனுக்கு அது எங்கே கிடைக்கும்? எங்களுக்கோ இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது, டி.ஆர்.பி. என்கிற தற்காலிக அனுமதியும் இருந்தது. பிழைக்க வந்த அந்நியர் நாங்கள். எங்கள் காகிதமெல்லாம் ஒழுங்கு. மூன்று தலைமுறையாக அந்த மண்ணைக் கொத்தியவர்கள் கையில்தான் ஒன்றும் இல்லை.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. ஆட்களைக் கேட்காமலே ஆட்களைப் பங்குவைத்த ஒப்பந்தம். அதன் பிறகு எங்கள் வாசலில் கூட்டம் கடுதாசிக்கு வரவில்லை. “ஐயா, ஊர் எப்படிங்க இருக்கும்?” என்று கேட்க வந்தது.

அப்பா சொல்லுவார். கோயில் கோபுரம், தாமிரவருணி, வாழைத்தோட்டம், பனைவிளை. அவர் சொல்லச் சொல்ல எனக்கே அங்கே போக ஆசையாக இருக்கும். ஆனால் விடுப்பில் ஒரு கோடையில் நானும் அங்கே போய் வந்திருந்தேனே. ஒருநாள் கூட்டத்தின் நடுவில் கேட்டுவிட்டேன்: “நம்ம கிணத்துல தண்ணியே இல்லையேப்பா?”

அப்பா என்னை அதட்டவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “பிள்ளை சொல்றது சரிதான். தண்ணிக் கஷ்டம் உண்டு. கொழுந்து கிடையாது, வேற வேலையும் லேசுல கிடைக்காது. போன உடனே என்ன சாதின்னு கேப்பாங்க.”

மேட்டு லயத்துப் பாட்டி வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, “அது இங்கயும் கேக்கிறதுதானுங்களே” என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து யார் கேட்டாலும் முதலில் தண்ணிக் கஷ்டத்தைத்தான் சொல்லுவார்.

அந்த டிசம்பரில்தான் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனது. இர்வின், கோஷன் என்று பெயர் சொல்லி நாங்கள் ஏறி இறங்கிய கப்பல்களின் துறையே இல்லாமல் போயிற்று. வானொலியில் செய்தி கேட்டுவிட்டுக் கிறிஸ்துமஸ் பஜனைக்குப் போனோம். ஒரு லயத்திலும் பாட்டு எடுபடவில்லை. கப்பல் பிறகு ராமேசுவரத்திலிருந்து ஓடியது. ஒரு வருஷம் எங்கள் டி.ஆர்.பி.யை நீட்டிக்கவில்லை, பொல்காவலையில் வண்டி மாறித் தலைமன்னார் போய், அந்தக் கப்பலில் நாங்களும் ஊர் வந்து சேர்ந்தோம்.

அப்பாவுக்கு ஊரில் ஒரு சின்னச் சபை கொடுத்தார்கள். தோட்டத்து ஆட்கள் வந்து இறங்கத் தொடங்கியதும் மாதத்துக்கு ஒரு தடவையாவது பையைத் தூக்கிக்கொண்டு மண்டபம் முகாமுக்குக் கிளம்பிவிடுவார். “அங்க உங்களுக்கு என்ன சோலி?” என்று அம்மா சண்டை பிடிப்பாள். சோலி இருந்தது. தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியிருந்தது. அதெல்லாம் தெரியாமல் பலபேர் வியாபாரக் கடன் என்று எழுதிக்கொடுத்துவிட்டுக் கடையும் வைக்கத் தெரியாமல் விழிப்பார்கள். கொழுந்து கிள்ளிய கைக்குத் தராசு எதற்கு என்று அப்பா வரிசையில் நின்று வாதாடுவார், படிவத்தை மாற்றி எழுதுவார்.

ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். மேட்டு லயத்துப் பாட்டியின் மகனும் மருமகளும் பிள்ளைகளும் இறங்கியிருந்தார்கள். பாட்டியைக் காணோம். அவளுக்கு இந்தியக் காகிதமும் வரவில்லை, இலங்கைக் காகிதமும் வரவில்லை, அவள் மேட்டு லயத்திலேயே இருக்கிறாள் என்றார் மகன். அப்பா அவருடைய படிவத்தில் கோத்தகிரி என்று எழுதி, கைநாட்டு வாங்கி, ஊதிக் காயவைத்துக் கொடுத்தார். பிறகு பையிலிருந்து ஒரு கடுதாசித் தாளை எடுத்து, மேலே சுழி போட்டு, “ஆத்தாளுக்கு என்ன எழுதணும், சொல்லு” என்றார்.