அழிப்பதற்கும் சம்பளம்!

என் தம்பிக்கு சோழிங்கநல்லூரில் வேலை. பெரும்பாக்கத்திலிருந்து பைக்கில் கால் மணி நேரம். மழை நாளில் எவ்வளவு நேரம் என்பதை ஆண்டவனும் சதுப்பு நிலமும் கலந்து பேசி முடிவு செய்வார்கள். மெஷின்களுக்குள் இருக்கும் சிப்புகளுக்கு 'டிரைவர்' எழுதுகிறான். டிரைவர் வேலை என்றதும் அம்மா அழுதது தனிக்கதை.

போன மாசம் ஒரு ராத்திரி, சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னான்: "இன்னிக்கு இருநூறு வரி அழிச்சேம்மா!"

"எழுதறதுக்குத்தான் சம்பளம் குடுக்கறாங்கன்னு நெனச்சேன். அழிக்கறதுக்குமாடா?"

அதையேதான் அவனுடைய மேனேஜரும் கேட்டாராம், இங்கிலீஷில். கூடவே, "ஓடிக்கிட்டிருக்கறதுல ஏன் கை வெச்சே?" என்று ஒரு உபரிக் கேள்வி.

நான் வெறும் பி.காம். எனக்கே புரிகிற மாதிரி தம்பி விளக்கினான். மெஷினுக்குள் இருக்கும் கடிகாரச் சிப், 59 விநாடி என்பதை 5 தனி, 9 தனி என்று இரண்டு அறைகளில் வைக்கும். கம்ப்யூட்டருக்குப் பதினாறு பதினாறாக எண்ணிப் பழக்கம். அப்படியே படித்தால் 89 என்று வாசித்துவிடும். எனவே முதல் அறையைப் பத்தால் பெருக்கி, இரண்டாவதைக் கூட்ட வேண்டும். பிறகு லீப் வருடக் கணக்கு. பதினொரு சிப்புக்குப் பதினொரு பேர், ஆளுக்கொரு தடவை இதையே எழுதி வைத்திருக்கிறார்கள். இவன் அதைப் பொதுவாக ஒரே இடத்தில் எழுதி, மற்றவர்களை அங்கே வந்து கேட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டான். லினக்ஸில் கடிகார டிரைவர்களுக்கென்று இப்படியொரு பொது நூலகம் 2006-லேயே வந்துவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றேன்.

"அதுல ரெண்டு பேர் எழுதினது மட்டும் வேற மாதிரி இருந்துச்சுண்ணே. அங்கதான் ஒரு வாரம் போச்சு."

ஒருவர் விநாடி எண்ணின் தலைப் பிட்டைத் தூக்கி எறிந்திருந்தார். பார்த்தால் தப்பு மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தச் சிப்பில் அது எண்ணே இல்லை, கடிகாரம் நின்றுவிட்டது என்று காட்டும் கொடி! இன்னொருவர், நாலால் வகுபட்டால் லீப் வருடம் என்று முடித்துக்கொண்டார். 2000-க்குச் சரி. 2100-க்குத் தப்பு. நூறால் வகுபடுகிற வருடம் நானூறாலும் வகுபட்டால்தான் லீப்.

"2100-ல நீ இருக்கப் போறியாடா?"

"மெஷின் இருந்தா?"

சிரிக்காதீர்கள். 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாஃப்டின் 'ஜூன்' பாட்டுப்பெட்டிகளில் 30 ஜி.பி. மாடல் மட்டும் உலகம் முழுக்க உறைந்து நின்றது. லீப் வருடத்தின் 366-வது நாளில், கடிகார டிரைவரின் ஒரு கணக்கு வெளியே வரத் தெரியாமல் செக்குமாடாகச் சுற்றியது. மற்ற மாடல்கள் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தன.

ஆக, வித்தை அழிப்பதில் இல்லை. எது பிழை, எது காரணத்தோடு மாறியது என்று பிரித்துச் சொல்வதில் இருக்கிறது. 'படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்' என்பது சும்மா வந்த பழமொழியா? ஏடு பெயர்த்து எழுதியவர்கள் ஆளுக்கொரு பிழை சேர்த்தார்கள். உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து பிரதிகளைச் சேர்த்து, ஒப்பிட்டுப் பார்த்துத்தான் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். கண்ணில் பட்ட முதல் ஏட்டையே அச்சுக்கு அனுப்பியிருந்தால் அந்த ஏட்டின் பிழை நாடு முழுக்கப் பரவியிருக்கும். பொது இடத்தில் வைக்கிறவனுக்குப் பொறுப்பு ஜாஸ்தி. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் எங்கள் பெரும்பாக்கத்தில்தான் இருக்கிறது. பாடபேதம் என்றால் என்ன என்று அங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தம்பியின் ஆபீஸில்தான் சொல்ல ஆளில்லை.

அவனுடைய அப்ரைஸல் ஃபாரத்தில், 'இந்த வருடம் புதிதாக என்ன செய்தீர்கள்?' என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். குறைத்ததை எழுதக் கட்டமே கிடையாது. எங்கள் காமர்ஸில் பரவாயில்லை. கடனை அடைத்தால் பாலன்ஸ் ஷீட்டிலாவது தெரியும். பன்னிரண்டு எக்ஸெல் ஷீட்டில் ஒரே வரி விகிதத்தைத் தனித்தனியாக டைப் அடித்து, விகிதம் மாறிய அன்று பதினொன்றைத் திருத்தி ஒன்றை மறந்துபோன ஆசாமிகளைக் கேளுங்கள்: ஒவ்வொரு நகலும் ஒரு கடன்தான். வட்டி பிற்பாடு வரும்.

'பத்துக் கடன் அடைத்தேன்' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். இன்க்ரிமென்ட் வந்தால் அம்மா நம்புவாள்.