அந்நிய நகரில் முதல் நாள்



தியானப் பகுதி: லேவியராகமம் 19:33, 34

கடந்த ஞாயிறு ஆராதனையின் முடிவில் நம் சபையின் மூன்று பிள்ளைகளுக்காக ஜெபித்தோம். மேற்படிப்புக்காக ஜெர்மனிக்குப் புறப்படும் அவர்களில் ஒருவர், ஆராதனை முடிந்தபின் என்னிடம் வந்து, "ஐயா, அங்கே முதல் நாள் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். பெற்றோர் அருகில் நின்றதால் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனால் குரலில் அச்சம் இருந்தது. அவருக்குச் சொன்ன பதிலை உங்கள் அனைவரோடும் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

2006 ஆம் ஆண்டு. சீகன்பால்கு ஐயரும் புளுட்சோ ஐயரும் தரங்கம்பாடியில் வந்திறங்கி 300 ஆண்டுகள் நிறைவுற்ற ஆண்டு அது. இறையியல் மாணவர்களாயிருந்த நாங்கள் நால்வர், அந்த ஆண்டின் அக்டோபரில் ஜெர்மனியின் ஹாலே நகருக்குப் புறப்பட்டோம். நால்வரும் வடசென்னைப் பிள்ளைகள். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று ஊருக்கு ஒருவர். எங்களில் எவரும் அதற்குமுன் விமானம் ஏறியதில்லை. காசிமேட்டு நண்பனின் தாயார், மகனுக்கு வழியில் எதுவும் கிடைக்காது என்று அஞ்சி, ஒரு பெரிய புட்டி நிறைய இறால் ஊறுகாய் கட்டிக் கொடுத்திருந்தார்.

பிராங்பர்ட்டில் இறங்கி, ரயில் மாறி, பிற்பகலில் ஹாலே வந்து சேர்ந்தோம். குளிர் எலும்பைத் தொட்டது. தெருக்கள் அமைதியாயிருந்தன. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்குள் வளர்ந்த எங்களுக்கு அந்த அமைதியே ஒரு பாரமாயிருந்தது. டிராம் வண்டியில் எங்கள் எதிரே அமர்ந்திருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் ஜன்னலைப் பார்த்தோம்.

சந்தைச் சதுக்கத்தில் நான்கு கோபுரங்களோடு நிற்கும் ஆலயத்தைக் கண்டோம். 1546 இல் மார்ட்டின் லூத்தரின் உடலை விட்டன்பர்க்குக் கொண்டுசென்றபோது வழியில் ஓர் இரவு வைத்திருந்த ஆலயம் அது. இசைமேதை ஹாண்டல் ஞானஸ்நானம் பெற்றதும் அங்கேதான். புத்தகங்களில் படித்த பெயர்கள் கல்லாய் எதிரே நின்றன. ஆயினும் எங்கள் உள்ளம் ஒடுங்கியே இருந்தது. "இவை யாவும் இவர்களுடையவை, நாம் பார்த்துவிட்டுப் போக வந்தவர்கள்" என்ற எண்ணம் எங்களை விட்டு நீங்கவில்லை.

அங்கிருந்து பிராங்கே அறநிலையத்துக்குச் சென்றோம். ஆகஸ்ட் ஹெர்மன் பிராங்கே என்ற போதகர், 1695 இல் தம் வீட்டுக் காணிக்கைப் பெட்டியில் கண்ட நான்கு தாலர் பதினாறு குரோஷன் பணத்தை முதலாக வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். 1698 இல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். அது வளர்ந்து ஒரு சிறு நகரமாகவே ஆயிற்று. அதன் முகப்பில் சூரியனை நோக்கி எழும்பும் இரண்டு கழுகுகளும் ஏசாயா 40:31 வசனமும் உள்ளன. தரங்கம்பாடிக்கு அச்சு எழுத்துகளும் புத்தகங்களும் பணமும் வந்தது இவ்விடத்திலிருந்துதான்.

நாங்கள் சென்னையிலிருந்து வந்தவர்கள் என்றறிந்த ஆவணக்காப்பக அம்மையார் ஒருவர், எங்களை உள்ளே அழைத்துச்சென்று ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே பனையோலைச் சுவடிகள் இருந்தன. தமிழ்! அந்த ஓலைகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இல்லை. தமிழ் வாசிக்கத் தெரியாத அந்த அம்மையார், ஓலையை எப்படிப் பிடிக்கவேண்டும் என்பதை எங்களைவிட நன்கு அறிந்திருந்தார். நாங்கள் நால்வரும் தலைகள் முட்ட முட்டக் குனிந்து, எழுத்துக்கூட்டி ஒவ்வொரு சொல்லாய்ப் படித்தோம். எங்கள் நான்கு குரல்களும் ஒன்றாய்ச் சேர்ந்து ஒலித்தபோது அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

காசிமேட்டு நண்பன் மெல்லச் சொன்னான்: "இத்தினி நாளா நாமதான் கடன்பட்டவங்கன்னு நெனச்சினு இருந்தேன். இவங்களும் நம்மகிட்ட வாங்கினுதான் வந்திருக்காங்க."

அவன் சொன்னது சரித்திர உண்மை. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு ஐயரை, அங்கிருந்த டேனிய ஆளுநர் வரவேற்கவில்லை. தங்குவதற்கு இடமின்றி அந்த முதல் நாளில் அவர் தெருவில் நிற்க நேர்ந்தது. அவருக்கு எழுத்தறிவித்தவர் ஒரு தமிழ் உபாத்தியாயர். பள்ளிச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதி, அவர் தமிழ் கற்றார். அந்த உபாத்தியாயர் அந்நியனுக்குக் கற்பிக்க மறுத்திருந்தால், நம் கையிலுள்ள வேதாகமத்தின் கதை வேறாக இருந்திருக்கும்.

இன்னொருவரையும் அன்று நினைத்தேன். 1714 இல் சீகன்பால்கு ஐயர் ஐரோப்பாவுக்குத் திரும்பியபோது, மலையப்பன் என்ற தமிழ் இளைஞரும் உடன் சென்றார். 1716 இல் ஹாலேயில் அச்சான 'கிராமாட்டிகா டாமுலிகா' என்ற தமிழ் இலக்கண நூலுக்கு சீகன்பால்கு ஐயரே ஆசிரியர். நெடும் பயணம் முழுவதும் அவருக்குத் தமிழ்த் துணையாயிருந்தவரோ இந்த இளைஞர். நாங்கள் நால்வராய் வந்தோம்; அவரோ தம் மொழியைப் பேச ஒரேயொரு மனிதரோடு வந்தார். அந்தக் குளிரில் அவருக்குப் போர்வை கொடுத்தவர் யார்? அவருக்கு ஒரு பிடி சோறு வேண்டுமென்று நினைத்தவர் யார்?

இந்தக் கேள்வி எனக்குள் இருக்கையிலேயே அன்றைய இரவு உணவு வந்தது. அவர்களுடைய வழக்கப்படி ரொட்டி, பாலாடைக்கட்டி, குளிர்ந்த இறைச்சித் துண்டுகள். நாங்கள் நன்றி சொல்லி உண்டோம். மரியாதைக்காக உண்டோம் என்பதை விடுதியைப் பராமரித்த வயதான தாயார் கண்டுகொண்டார். ஒன்றும் பேசாமல் போனவர், அரைமணி நேரத்தில் ஒரு பாத்திரத்தோடு திரும்பினார். சோறு! குழைந்துபோன, உப்புக் கூடிய சோறு. இறால் ஊறுகாய்ப் புட்டி திறக்கப்பட்டது. அவருக்கும் ஒரு தட்டில் வைத்தோம். காரம் தாளாமல் அவர் கண்ணீர்விட்டார், சிரித்தார், இன்னும் கொஞ்சம் கேட்டார். அந்த மேசையில் கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்று பிரித்துச் சொல்ல இயலாது. பிற்பகலில் எங்களை அழுத்திய ஒடுக்கம் அங்கே கரைந்துபோயிற்று.

பிரியமானவர்களே, மலையப்பன் 1716 ஆகஸ்டில் சீகன்பால்கு ஐயரோடு கப்பலில் வந்து சேர்ந்தது நம் சென்னைக்குத்தான். துறைமுகம் கட்டப்படுவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முந்தைய காலம் அது. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்கும். ஆணியின்றிக் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் நம் கரையோர மக்கள் அலைகளைக் கடந்து பயணிகளைக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். முன்பின் அறியாதவர்களைப் பத்திரமாய்க் கரை சேர்த்த கைகள் இந்தக் கடற்கரையின் கைகள்.

இன்றும் நம் கரைக்கு அந்நியர் வருகிறார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இளைஞர்கள் ரயிலேறி வந்து, எண்ணூரிலும் மணலியிலும் காட்டுப்பள்ளியிலும் உழைக்கிறார்கள். பத்துப் பேருக்கு ஓர் அறை. கடைப்பலகை அவர்களுக்குப் புரியாது; பேருந்து எங்கே போகிறது என்று கேட்க மொழி இல்லை. அவர்களுக்கும் இங்கே ஒரு முதல் நாள் உண்டு. அவர்களுடைய தாய்மாரும் எதையாவது கட்டிக் கொடுத்துத்தான் அனுப்பியிருப்பார்கள். நாமோ சில வேளைகளில் அவர்களை "வடக்கன்" என்ற ஒரே சொல்லால் அழைத்துக் கடந்துபோகிறோம். நம் பிள்ளைக்கு ஹாலேயில் ஒரு தாய் சோறு வடிக்கவேண்டும் என்று ஜெபிக்கும் நாம், நம் தெருவிலுள்ள பிறர் பிள்ளையை எப்படி நடத்துகிறோம்?

எகிப்தில் தாங்கள் அந்நியராயிருந்ததை இஸ்ரவேலர் மறக்கலாகாது என்று கர்த்தர் கட்டளையிட்டார். தம்மோடு தங்கும் அந்நியனைத் தம்மைப்போலவே நேசிக்க வேண்டும் என்றார். அந்த நினைவையே அன்புக்கு ஆதாரமாக வைத்தார்.

அந்த மாணவருக்கு நான் சொன்ன பதில் இதுவே: "தம்பி, முதல் நாள் எப்படி இருக்கும் என்பது பெரும்பாலும் கதவைத் திறக்கிறவர் கையில் இருக்கிறது. அங்கே உனக்குத் திறக்கிறவரைக் கர்த்தர் ஆயத்தப்படுத்துவார். நீ புறப்படுமுன் இங்கே ஒருவருக்கு நீ திறந்துவிட்டுப் போ."

இந்த வாரம் நாமும் அப்படியே செய்வோமாக. நம் தெருவில் வாடகைக்கு இருக்கும் ஒரு வெளிமாநிலப் பிள்ளையின் பெயரைக் கேட்டறிவோம். அவன் ஊர் எது, வீட்டில் யார் யார் என்று கேட்போம். ஒருவேளை உணவை அவனோடு பகிர்வோம்.

ஜெபம்: அந்நியரை ஆதரிக்கிற பிதாவே, தூரதேசம் செல்லும் எங்கள் பிள்ளைகளைக் காத்தருளும். எங்களை நாடி வந்திருக்கும் பிறர் பிள்ளைகளுக்கு எங்கள் வீட்டு வாசலையும் இருதயத்தையும் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்.